சிம்னி பாய்ஸுக்குக் கறுப்புக் கொடி

அந்தப் படத்தைக் கவிழ்த்து வையுங்கள் மாமா. வேண்டாம், வேண்டாம், நிமிர்த்தியே வையுங்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நடுவில் வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பது நான்தான். திலகவதி, எம்.ஏ. அரசியல், முதல் வருஷம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்துக்குக் கீழே பேப்பர்காரன் போட்டிருக்கிறானே, 'கீழை நாட்டிலிருந்தும் ஒரு ரசிகை' என்று, அதில் இரண்டு தப்பு இருக்கிறது. கீழை நாடு என்று எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்பது ஒன்று. அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ரசிகை என்றது இன்னொன்று. அதை விட மாட்டேன்.

உட்காருங்கள் மாமா. கோட்டைக் கழற்றுங்கள். மேஜைக்குப் பின்னால் பின்னல் போட்டுக்கொண்டு நம்மையே பார்க்கிறார்களே, அவர்கள் வார்டன் அம்மா. ஆண்கள் பார்க்க வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், அவர்களும் இருக்க வேண்டும், விதி அப்படி. அப்பா வயசு மனிதருக்குமா என்று போன வாரமே வாதாடிப் பார்த்துவிட்டேன். ஐந்து நாற்பதுக்கு உங்களுக்கு ரயில். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுடைய தந்தியைக் காட்டினீர்களே, அதிலேயே எல்லாம் இருக்கிறது. 'ஆவுடையப்பன், நேரில் பார். சரியில்லை என்றால் விமானம் ஏற்றி அனுப்பிவிடு.' கோவில்பட்டி மில்லுக்கு இயந்திரம் பார்க்க அமெரிக்காவுக்கு வந்த மனிதரை, என்னைப் பார்த்துப் பழுது சொல்ல அனுப்புகிறார். சாயந்தரம் நீங்கள் 'இருக்கட்டும்' என்று அடித்தால் எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு. 'அனுப்புகிறேன்' என்று அடித்தால் வைகாசியில் தென்காசி என்ஜினியர். அவர் நல்லவராக இருக்கலாம். அவரைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. கருத்தே இல்லாத ஒரு மனிதரோடு நான் எப்படி மாமா குடித்தனம் நடத்துவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிம்னி பாய்ஸ் என்று நாலு பேர். இங்கிலாந்தில் வடக்கே ஏதோ நிலக்கரி ஊர். புகைபோக்கி துடைக்கிறவர்கள் மாதிரி தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு, கன்னத்தில் ஒரு கரிக்கோடு. மூன்று பேர் கிதார், ஒருவன் டிரம்ஸ். அவர்கள் முதல் தடவையாக அமெரிக்காவுக்கு வருகிறார்கள் என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து இந்த ஹாஸ்டலில் ஒருத்தி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என் அறைத்தோழி நான்சி இருக்கிறாளே, கணிதத்தில் முதல் மாணவி, பாலம் கட்டுகிற கணக்கை விரல்நுனியில் போடுகிறவள், சுவரில் ஒட்டின படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். 'ஜனநாயகமும் மக்கள் கூட்டமும்' என்று எங்களுக்கு ஒரு வகுப்பு. பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் அன்றைக்குப் பேராசிரியரும் நானும் மட்டும். மற்ற பதினொரு பேரும் டிக்கெட் வாங்கக் கூட்டத்தில் நிற்கிறார்கள்!

எனக்கு ஆத்திரம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் கட்-அவுட்டுக்கு மாலை போடுகிறவனைப் பார்த்து, இதெல்லாம் படிப்பறிவு வந்தால் போய்விடும் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். மாவட்டப் பேச்சுப்போட்டியில் அதற்குத்தானே எனக்குக் கோப்பை கொடுத்தார்கள், கொடுத்ததே நீங்கள்தானே. இங்கே வந்து பார்த்தால் படிப்பறிவுதான் முன்வரிசையில் நின்று கத்துகிறது.

சாப்பாட்டு அறையில் நாற்காலி மேல் ஏறிக் கேட்டேன். "இந்த வெள்ளைக்காரனை வேண்டாம் என்றுதானே தேயிலையைக் கடலில் கொட்டினீர்கள்? நாங்கள் அவனை அனுப்பிப் பதினேழு வருஷம் ஆகிறது, இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" என்று. நான்சி என்ன சொன்னாள் தெரியுமா? "டில்லி, நீ அவங்க பாட்டைக் கேட்டிருக்கியா?" என்றாள். திலகவதி என்று சொல்ல அவர்களுக்கு வராது, டில்லியாம். டில்லி மந்திரிக்குக் கறுப்புக் கொடி காட்டினவளுக்கு வந்த பெயரைப் பாருங்கள்.

ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. எதிர்க்கட்சியின் வாதத்தை முழுக்கக் கேட்காமல் மறுப்புரைக்கு எழுந்திருப்பது முறையல்ல. கேட்டேன். இசைத்தட்டின் இரண்டு பக்கமும். எத்தனை தரம் என்றா கேட்கிறீர்கள்? இருபத்தேழு. குறிப்பு எடுத்துக்கொண்டு கேட்டேன் மாமா, சும்மா இல்லை. இலக்கணம் இல்லை, பொருள் இல்லை. 'வா' என்கிறான், யார் வர வேண்டும், எங்கே வர வேண்டும், எதற்கு வர வேண்டும், ஒரு விவரமும் இல்லை. அந்த டிரம்ஸ் அடிக்கிற ரெஜ் ஒருத்தன்தான் கொஞ்சம் நிதானம். மற்ற மூன்று பேரும் ஓடும்போது அவன் மட்டும் அரை நொடி பின்னால் வருவான். யோசித்து அடிக்கிறவன் என்று தெரியும். இடது கைக்காரன். நவம்பர் பத்தொன்பது பிறந்தநாள். வேகவைத்த பட்டாணி பிடிக்கும், தாயாருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கடிதம் போடுவான். எதிரியைப் பற்றித் தகவல் சேகரிக்காமல் எப்படி எதிர்ப்பது? நீங்கள் மில்லுக்கு இயந்திரம் வாங்கும்போது பல்சக்கரத்தை எண்ணிப் பார்ப்பதில்லையா?

எண்ணிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். வேண்டாத விருந்தாளி வந்து இறங்கினால் நாம் என்ன செய்வோம்? கறுப்புக் கொடி காட்டுவோம். கல்லெறிய மாட்டோம், கைகலக்க மாட்டோம், அவன் வருகிற வழியில் நின்று கறுப்புத் துணியை உயர்த்திக் காட்டுவோம். இதைவிட நாகரிகமான எதிர்ப்பு உலகத்தில் உண்டா? மூன்றாம் வருஷம் படிக்கையில் திருநெல்வேலி ஜங்ஷனில் நாங்கள் பன்னிரண்டு பேர் காட்டினோமே, மறந்துவிட்டீர்களா? பிடித்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். உப்புமா கொடுத்து, ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். நீங்களும் அப்பாவும்தானே கார் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அப்பா வழி முழுக்க ஏசினார். நீங்கள் மட்டும், "கொடியை நல்லா உயத்திப் பிடிச்சியா திலகா?" என்று கேட்டீர்கள். அந்த மாமாதான் இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

கொடிக்குத் துணி வேண்டும். கடைக்குப் போக நேரமில்லை. கைவசம் கறுப்பாக இருந்தது என்னுடைய உள்பாவாடை ஒன்றுதான். ஏன் ஜன்னல் பக்கம் திரும்புகிறீர்கள்? பருத்தித் துணி மாமா, அம்மா பாளையங்கோட்டையில் தைத்துக் கொடுத்தது. தரை துடைக்கிற குச்சியில் கட்டினேன். பனி கொட்டுகிறது. புடவைக்கு மேலே ஓவர்கோட், தலைக்கு மஃப்ளர், தோளில் கொடி. நான்சியும் கூடவே வந்தாள். அவள் வந்தது வரவேற்க, நான் போனது எதிர்க்க. ஒரே பஸ்ஸில் போனோம், அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் ஐயாயிரம் பெண்பிள்ளைகள். போலீஸ்காரர்கள் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் காதில் பஞ்சு. விமானக் கதவு திறந்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம், நம் ஜங்ஷனில் நாலு ரயில் ஒரே நேரத்தில் விசில் அடித்தாலும் வராது. ஒருத்தி என் காலடியிலேயே மயங்கி விழுந்தாள். அவளைத் தாண்டி முன்னால் போனேன். மிதிக்கவில்லை, தாண்டினேன். கொடியை உயர்த்தினேன். "திரும்பிப் போ! திரும்பிப் போ!" என்று முழங்கினேன். தமிழில்தான். அந்த நேரத்தில் இங்கிலீஷ் வரவில்லை.

நாலு பேரும் நின்றார்கள். ரெஜ் திரும்பினான். கொடியைப் பார்த்தான். கொடிக்குக் கீழே என்னைப் பார்த்தான். ஐயாயிரம் பேரில் என்னை மட்டும் என்று நான் பெருமைக்குச் சொல்லவில்லை மாமா, நடந்ததைச் சொல்கிறேன். நான்சியும் பார்த்தாள், வேண்டுமானால் கூப்பிடுகிறேன், சாட்சி சொல்வாள். அவன் தலையிலிருந்த தொப்பியை எடுத்து, இப்படி, நெஞ்சில் வைத்துக் குனிந்தான்.

டில்லி மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கறுப்புக் கொடி வாங்கினவன் அப்படித்தான் போக வேண்டும். இவன் குனிகிறான்! ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. புகைபோக்கி துடைக்கிற கந்தல் துணியை நான் அவர்களுக்கு அடையாளமாக உயர்த்திக் காட்டியதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் கழுத்துத் துண்டையும் கையுறையையும் கழற்றி ஆட்டுகிறார்கள். அதோடு விட்டார்களா? "திரும்பிப் போ" என்பதை இந்தியாவில் வாழ்த்துச் சொல்கிற முறை என்று எடுத்துக்கொண்டு, ஐயாயிரம் பேரும் சேர்ந்து அவர்களைப் பார்த்து "டிரும்பி போ, டிரும்பி போ" என்கிறார்கள். கண்ணீர் மல்கச் சொல்கிறார்கள்.

ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். இது என்ன துணி என்று கேட்டான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னேன். மறுநாள் பிலடெல்பியாவில் அவர்கள் இறங்கியபோது இரண்டாயிரம் கறுப்பு உள்பாவாடை பறந்ததாம். அந்த ஊர்க் கடைகளில் கறுப்பில் ஒன்றுகூட மிச்சமில்லையாம். அதற்கும் நான்தான் பொறுப்பா? அப்பா அப்படித்தான் எழுதியிருக்கிறார். "ஏளா, படிக்கப் போனியா, பாவாடையக் கொடி கட்டப் போனியா?" என்று. பார் அசோசியேஷனில் யாரோ மதராஸ் பேப்பரை விரித்துக் காட்டினார்களாம். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா மாமா? தெரியும். அதை நினைத்து நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்சி சாப்பிடாததற்கும் நான் சாப்பிடாததற்கும் வித்தியாசம் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறான புரிதலைத் திருத்துவது என் கடமை. உடனே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன், ஒன்பது பக்கம். கறுப்புக் கொடி என்றால் என்ன, அதை யாருக்குக் காட்டுவார்கள், ஏன் உங்களுக்குக் காட்டினேன். ரெஜ் பெயருக்குத்தான் அனுப்பினேன். அவன் ஒருவன்தானே படித்துப் பார்க்கக் கூடியவன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. நியூயார்க் கச்சேரிக்கு முன்வரிசையில் இரண்டு டிக்கெட், கூட ஒரு சீட்டு. 'அன்புள்ள கறுப்புக் கொடிப் பெண்ணே, உன் கடிதத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். கொடியை மறக்காமல் கொண்டு வா.' இதோ பாருங்கள், இடது கைக் கையெழுத்து என்று பார்த்தாலே தெரியும். எப்போதும் கைப்பையிலா வைத்திருக்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? ஆவணம் மாமா. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டாமா? கொடுங்கள், மடிப்பு கலைந்துவிடும்.

போகாமல் இருந்திருக்கலாமே என்கிறீர்கள். போகாவிட்டால் எதிர்ப்பு வாபஸ் என்று ஆகாதா? போனேன். மேடைக்கும் எனக்கும் இந்த மேஜை அகலம்தான். முதல் பாட்டு ஆரம்பித்தார்கள். இருபத்தேழு தரம் கேட்ட பாட்டு. ஆனால் தட்டில் கேட்பது வேறு மாமா. அவன் டிரம்ஸில் அடித்தால் இங்கே, இந்த எலும்பில் விழுகிறது. அரை நொடி பின்னால் வருவான் என்றேனே, அந்த அரை நொடி எனக்கு மூச்சு வரவில்லை. இது உடலியல். எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்தச் சமயத்தில் எழுந்து நின்று, "நான் ஒரு ஆட்சேபணை தெரிவிக்க விரும்புகிறேன்!" என்றேன். அதைத்தான் படம் பிடித்திருக்கிறான். படத்துக்குச் சத்தம் கிடையாது. வாய் திறந்திருந்தால் வீறிடுகிறாள் என்று எடுத்துக்கொள்வதா? சட்டசபையில் பேசுகிறவர் படத்தைப் பாருங்கள், இதே வாய்தான். கண்ணில் தண்ணீரா? முன்வரிசைக்கு மேலே பெரிய பெரிய விளக்கு. பின்னல் அவிழ்ந்தது நான்சி பிடித்து இழுத்ததால். மேடையில் கிடக்கிற செருப்பு என்னுடையதுதான். வேறு வழியில்லை, கொடியைக் காட்டினேன், புரியவில்லை. கடிதம் எழுதினேன், புரியவில்லை. கடைசி அஸ்திரமாகச் செருப்பை வீசினேன். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு அவமானம் உண்டா? அவன் அதை எடுத்துத் தூசி தட்டி டிரம் மேல் வைத்துக்கொண்டான். கச்சேரி முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தது. ஒரு கால் செருப்போடு பனியில் நடந்து வந்து மூன்று நாள் ஜுரம். எந்த ரசிகைக்கு மாமா இப்படிக் கொள்கைக்காக ஜுரம் வரும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பு வந்தால் பாதி வழக்கு ஜெயித்தது என்று அப்பா சொல்வார்.

இப்போது நான் கறுப்புக் கொடிச் சங்கத்தின் தலைவி. கறுப்புக் கொடி என்பது எதிர்ப்பு என்று விளக்கத்தான் கூட்டம் போட்டேன், நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். ஐம்பது நிமிஷம் பேசினேன். 'சிம்னி பாய்ஸின் வருகையை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. நான்சி மட்டும் 'அன்புடன்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கத் திருத்தம் கொடுத்தாள், அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. ஜனநாயகம் என்றால் திருத்தத்தை ஏற்கத்தானே வேண்டும்? ஏற்றுக்கொண்டேன். சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜில் ரெஜ் படம் ஏன் என்று கேட்காதீர்கள். யாரை எதிர்க்கிறோம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என் தரப்பு முடிந்தது. நீங்கள் சொல்லுங்கள்.

அப்படியா? உண்மையாகவா? 'பெண் நன்றாகப் படிக்கிறாள், பேராசிரியரைப் பார்த்தேன், கவலை வேண்டாம், இருக்கட்டும்' என்று அடிக்கப் போகிறீர்களா? மாமா! நீங்கள் தெய்வம். இல்லை, தெய்வத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து, நீங்கள் மனிதர். நல்ல மனிதர்.

என்ன? ஒரு சொல்லா? 'இனிமேல் அந்தக் கச்சேரிக்குப் போக மாட்டாளாம்' என்று ஒரு வரி. அவ்வளவுதானா. நான் 'சரி' என்று சொன்னால் போதும், ரயில் ஏறுகிற இடத்திலேயே தந்தி கொடுத்துவிடுவீர்கள். சரிதான். நியாயம்தான். அப்பாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டாமா. ஒரு சொல்லுக்கு ஒன்றரை வருஷப் படிப்பு. எந்த முட்டாளும் சொல்லிவிடுவாள்.

சொல்கிறேன். இருங்கள்.

அதாவது, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். அன்றைக்கே, கிளம்புவதற்கு முன்னால், நியூயார்க் பக்கத்து நூவர்க்கில் கடைசிக் கச்சேரி. அது ஒன்று மட்டும் கழித்து, திங்கட்கிழமையிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாமா? முடியாதா. இன்றிலிருந்தா.

இல்லை மாமா, எனக்காகக் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் மேடைக்கு வருவான். வந்ததும் அவன் முதலில் முன்வரிசையைப் பார்ப்பான். ஆயிரம் கொடி இருக்கும், எல்லாம் கடையில் வாங்கின நைலான். அவனுக்கு அடையாளம் தெரியும். அசலான எதிர்ப்பு எங்கே என்று தேடுவான். தேடுவான் மாமா. இல்லை என்றால் என்ன நினைப்பான்? இவளும் கொஞ்ச நாள் எதிர்த்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைக்க மாட்டானா? அரை நொடி பின்னால் வருகிறவன், அன்றைக்கு ஒரு நொடி பின்னால் வந்துவிட்டால்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஏன் குரலைத் தாழ்த்துகிறீர்கள்? "திலகா, ஒனக்கு அந்தப் பய மேல..." என்று ஆரம்பிக்காதீர்கள். முடிக்காதீர்கள். இது கருத்துரிமை, கூட்டம் கூடுகிற உரிமை. நிர்ப்பந்தத்தில் கொடுக்கிற வாக்கு சட்டப்படி செல்லாது, அப்பாவையே கேளுங்கள். இன்றைக்குப் பாட்டுக் கச்சேரிக்குப் போக மாட்டேன் என்பேன், நாளைக்குப் பொதுக்கூட்டத்துக்குப் போகாதே என்பீர்கள், நாளன்றைக்குத் தென்காசி. எனக்குத் தெரியாதா? தென்காசி எனக்கு நன்றாகத் தெரிகிறது மாமா. சமையலறை ஜன்னல்கூடத் தெரிகிறது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு இங்கே உட்கார என்னால் முடியவில்லை.

மணி ஐந்து இருபது. நீங்கள் கிளம்ப வேண்டும். தந்திக் காகிதத்தை எடுங்கள். எழுதுங்கள். 'திலகவதி வாக்குத் தர மறுக்கிறாள்.' எழுத மாட்டீர்களா? ஏன்? பேனாவை இப்படிக் கொடுங்கள், நானே எழுதுகிறேன். 'வாக்குத் தர மறுக்கிறாள். காரணம் கொள்கை.' பாருங்கள், மணிமணியாக எழுதியிருக்கிறேன், ஒரு அடித்தல் இல்லை. 'கொள்கை'க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தந்தியில் கோடு போகாதா?

அப்படியானால் அந்தச் சொல்லை இரண்டு தரம் அடிக்கச் சொல்லுங்கள் மாமா. ஒரு தரம் அடித்தால் அவர் நம்ப மாட்டார்.